முதல் பத்தி

மார்கழி மாதத்து ஞாயிறொன்றின் மாலையில் எங்கள் அக்காள் மகள் கையில் மூன்று தாள்களுடன் வந்து நின்றாள். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றுக்கு அவள் அனுப்பவிருந்த விண்ணப்பக் கட்டுரை அது. எதற்காக இந்தப் படிப்பைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்களாம்; அதற்குப் பதில் எழுத வேண்டுமாம். "இங்கிலீஷ நான் பாத்துக்கறேன் சித்தப்பா. சொல்லியிருக்கற விஷயம் சரியான்னு மட்டும் நீங்களும் சித்தியும் பாத்துடுங்க" என்றாள். கும்மிடிப்பூண்டி வீட்டின் முன்னறையில் அமர்ந்து, ஒரே தாளை இருவருமாகப் பிடித்துக்கொண்டு படித்தோம். முதல் பத்தியைத் தாண்ட எங்களால் முடியவில்லை.

அந்தப் பத்திக்கு வருமுன் அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இறையியலில் ஒரு முதுநிலைப் பட்டம், உயிர் அறவியலில் ஒரு முதுநிலைப் பட்டம்; இரண்டையும் பின்னிப் பிணைத்து ஒன்றாகப் படிப்பது. அட்லாண்டாவிலுள்ள ஏமரி பல்கலைக்கழகத்தின் கேண்ட்லர் இறையியல் பள்ளியும், வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகமும் இத்தகைய இரட்டைப் பட்டத்தை வைத்திருக்கின்றன. 'மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி' மட்டுமே மூன்றாண்டுப் படிப்பு. இரண்டையும் தனித்தனியே படித்தால் ஆகும் காலத்தைவிடச் சற்றுக் குறைவான காலத்தில் இரண்டையும் முடிக்கலாம் என்பது இதன் கணக்கு. எங்கள் உறவினரிடையே இச்செய்தி பரவியபோது, பெண் கன்னியாஸ்திரீயாகப் போகிறாள் என்று ஒரு சாராரும், டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று இன்னொரு சாராரும் முடிவு கட்டினார்கள். இரண்டும் இல்லை என்று விளக்கப் போய், எங்களுக்கே குழம்பிவிட்டது.

எங்களில் ஒருவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வேலை. ஆகவே சொல்லை ஆராயாமல் இருக்க முடியவில்லை. உயிரியல் அறம், உயிரறம், மருத்துவ அறவியல் என்று பலவாறு எழுதுகிறார்கள். சொல்லின் பிறப்பை அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். வான் ரென்சலர் பாட்டர் என்ற அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் 1970இல் அச்சொல்லை வழக்கில் கொண்டுவந்தார் என்றுதான் வெகுநாள் நம்பிவந்தார்களாம். அதற்கும் முன்பே, 1927இல், ஃபிரிட்ஸ் யார் என்ற ஜெர்மானியப் போதகர் அதே சொல்லை ஆக்கிக் கட்டுரை எழுதியிருந்தது பின்னர் தெரியவந்தது. அவர் வாழ்ந்த ஊர் ஹாலே. தமிழ் படித்தவர்களுக்கு அவ்வூர் புதிதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு பயின்றது அங்கேதான். அவருடைய மடல்களும் தமிழ் ஓலைகளும் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். நமக்கு அச்சுப் புத்தகத்தோடு சேர்த்து நினைவுக்கு வரும் ஊரிலிருந்து இந்தச் சொல்லும் வந்திருக்கிறது என்பதில் எங்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

யாரோடு நின்றுவிடவில்லை. இத்துறையின் தொடக்க காலத்தவர்களில் பலர் இறையியலாளர்களே. 1954இல் மருத்துவமும் ஒழுக்கமும் பற்றி நூல் எழுதிய ஜோசஃப் ஃபிளெட்சர் அப்போது ஒரு குரு. நோயாளியை நபராகக் காண வேண்டும் என்று 1970இல் எழுதிய பால் ராம்சே மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த இறையியலாளர். தன்னுரிமை, தீங்கிழையாமை, நன்மை செய்தல், நீதி என்று இன்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் நான்கு நெறிகளை 1979இல் நூலாக்கிய இருவரில் ஒருவரான ஜேம்ஸ் சில்ட்ரஸ் யேல் இறையியல் பள்ளியில் பயின்றவர். மருத்துவர்கள் பிற்பாடுதான் வந்தார்கள், வழக்கறிஞர்கள் அதற்கும் பிற்பாடு என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இதை இங்கேயே படிக்கலாகாதா என்று கேட்டோம். கேட்டதில் பணக் கவலையும் இருந்தது என்பதை மறைப்பானேன். இறையியலுக்கு நம் நாட்டில் குறைவில்லை. 1818இல் நிறுவப்பட்டு, 1827இல் டென்மார்க் அரசரிடம் பட்டயம் பெற்ற செராம்பூர் கல்லூரியின் வழிவந்த செனட் இன்றும் பட்டம் வழங்குகிறது. கீழ்ப்பாக்கத்துக் குருகுலமும் மதுரை அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் அதனோடு இணைந்தவை. உயிர் அறவியலுக்கு மங்களூரு போன்ற இடங்களில் முதுநிலைப் பட்டயப் படிப்பு உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே கூரையின் கீழ், ஒன்றை மற்றொன்று கேள்வி கேட்கும்படி வைத்த இடம் இங்கே அவளுக்கு அகப்படவில்லை. இத்தனைக்கும் நம் சட்டம் அதற்கோர் இருக்கை போட்டு வைத்திருக்கிறது. புதிய மருந்துகளும் மருத்துவப் பரிசோதனைகளும் பற்றிய 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி அறநெறிக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பொதுமக்களில் ஒருவர், ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், இவர்களோடு சமூக அறிவியலாளரோ தொண்டு நிறுவனத்தவரோ தத்துவவாதியோ அறவியலாளரோ இறையியலாளரோ ஒருவர். "அந்த நாற்காலியில யாரையாவது உக்கார வச்சிடறாங்க சித்தி. படிச்சிட்டு உக்காந்தவங்க எத்தன பேருன்னு தெரியல" என்றாள்.

அவள் செவிலியர் பட்டம் பெற்று மூன்றாண்டுகளாக வேலை பார்க்கிறாள். சிப்காட் வளாகத்திலிருந்து அடிபட்டு வருகிறவர்களைச் சேர்க்கும் மருத்துவமனை ஒன்றில். கும்மிடிப்பூண்டியை அறியாதவர்களுக்காக: சென்னைப் புறநகர் மின்ரயில் கிட்டத்தட்ட ஆந்திர எல்லையைத் தொடும் ஊர் இது. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி நீண்டு கிடக்கும் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் மிகுதி. இரவில் மொட்டை மாடியில் நின்றால் வானம் ஒரு பக்கம் சிவந்திருக்கும். ஒரு காலத்தில் சுற்றுப்பட்டுக் கிராமத்தார் தமிழும் தெலுங்குமாக வேலைக்குப் போனார்கள். இப்போது காலைப் பணிமுறை மாறும் நேரத்துத் தேநீர்க் கடைகளில் ஒடியாவும் போஜ்புரியும் கேட்கின்றன.

அப்படி வந்தவன் ஒருவன், பத்தொன்பது வயது, உருட்டாலையில் வலக்கை சிக்கி வந்தான். கையை எடுக்க ஒப்புதல் வாங்க வேண்டும். படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அவனுக்கு இரண்டும் தெரியாது. அழைத்துவந்த ஒப்பந்தக்காரரின் ஆள் இந்தியில் இரண்டு வாக்கியம் சொன்னார். அவன் இடக்கைப் பெருவிரலை வைத்தான். சாட்சிக் கையெழுத்து எங்கள் பெண்ணுடையது. "கையெழுத்து வாங்கத் தெரியும் சித்தப்பா எனக்கு. வாங்கினதுக்கு அப்புறம் பக்கத்துல உக்காரத்தான் தெரியல. ஒண்ணு அறவியல், இன்னொண்ணு இறையியல், அவ்வளவுதான்" என்றாள் ஒருமுறை. அவள் எதற்காக இரண்டையும் படிக்க வேண்டுமென்கிறாள் என்பது அன்றுதான் எங்களுக்குப் பிடிபட்டது.

இந்தப் பையனைப் பற்றித்தான் அவள் எழுதியிருப்பாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவன் இரண்டாம் பக்கத்தில் வந்தான். முதல் பத்தியில் வந்தது தாத்தா.

தமிழில் சொன்னால் அப்பத்தி ஏறக்குறைய இதுதான். என் தாத்தா இரும்பாலைத் தொழிலாளி. எனக்கு ஐந்து வயதானபோது அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. ஓர் ஏழைப் பெண்ணின் சிறுநீரகத்தைப் பணம் கொடுத்து வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் வந்தார். என் தாத்தா மறுத்தார். என் குடும்பம் மறுத்தது. இன்னொருவர் உடம்பை விலைக்கு வாங்கி நான் உயிர் வாழேன் என்று சொல்லி அவர் இறந்தார். அந்த மறுப்பின் பிள்ளையாக நான் இப்படிப்புக்கு வருகிறேன்.

அழகான பத்தி. அடக்க ஆராதனையில் போதகர் சொன்னதும் இதுவே. ஆண்டுதோறும் நினைவு நாளில் குடும்ப ஜெபத்தில் சொல்லப்படுவதும் இதுவே. கதையின் உருவத்தை யார் முதலில் செதுக்கினார்கள் என்று இப்போது சொல்ல முடியாது. நாங்கள் அதைத் தடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக.

நடந்ததைச் சொல்கிறோம். எங்களில் ஒருவருக்கு அவர் தகப்பனார், இன்னொருவருக்கு மாமனார். இருவருமே அப்பா என்றுதான் அழைத்தோம். 2006இன் தொடக்கத்தில் அவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு ஆரம்பமாயிற்று. சர்க்கரைதான் காரணம் என்றார் மருத்துவர். முப்பது வருட உலைச் சூடுதான் காரணம் என்றார் அப்பா. வாரத்துக்கு இரண்டு முறை, மின்ரயிலில், சென்னைக்கு. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு. ஊசி ஏற்றுவதற்காக இடக்கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் வண்டு முரல்வதுபோல் அதிரும். பேத்தியைக் கூப்பிட்டுத் தொடச் சொல்வார். "தாத்தா கையில மிஷின் ஓடுது" என்று அவள் கத்துவாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. ஆலையில் வேலை செய்தவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. ஒவ்வொரு முறைக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஆயிற்று. அரசின் காப்பீட்டுத் திட்டமெல்லாம் 2009இல்தான் வந்தது.

திருவள்ளூரிலிருந்த எங்கள் இன்னொரு தாயார், சம்பந்தி கிறித்தவர் என்று பாராமல், அமாவாசைதோறும் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் அவர் பெயரைச் சொல்லி வெல்லம் கரைத்தார். வெல்லம் கரைவதுபோல் நோய் கரையும் என்பது அங்கே நம்பிக்கை. பெருமாளுக்கே வைத்திய வீரராகவர் என்று பெயர். தெய்வத்தையும் மருத்துவத்தையும் சேர்த்துப் படிக்க அமெரிக்கா போக வேண்டுமா என்று அந்த அம்மா பின்னாளில் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் இன்னும் பத்து வருடம் இருப்பார் என்றார்கள். 1994ஆம் ஆண்டின் சட்டப்படி அன்று நெருங்கிய உறவு என்பது கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். மருமகன் அதில் இல்லை. அத்தைக்கு இரத்தக் கொதிப்பு. அக்காளுக்கு இரத்த வகை ஒத்துவரவில்லை. எங்களில் ஒருவருக்கு ஒத்துவந்தது. ஆனால் அப்போது வயிற்றில் ஏழாம் மாதம். பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். பிறந்தது. பால்குடி மறக்கட்டும் என்றோம். மருத்துவர் காரணம் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. பயம்தான். அதைப் பயம் என்று நாங்கள் அப்போது எங்களுக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

தரகர் வந்தது அந்த இடைவெளியில். பரிசோதனைக் கூடத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் அறிமுகமானார். வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. எர்ணாவூரில் ஓர் அம்மாள் தயாராக இருக்கிறார், முப்பது வயது, வகை பொருந்தும் என்றார். மொத்தம் மூன்றரை லட்சம். அதில் அவருக்கு ஒன்று கிடைக்கும் என்றார். நாங்கள் இருவரில் யார் முதலில் சரி என்றோம் என்பதை இங்கே பிரித்துச் சொல்லப் போவதில்லை. இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எர்ணாவூர் அப்போது எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. 2018இல்தான் அப்பகுதி சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவக் குடும்பங்களை அங்கே குடியமர்த்தியிருந்தார்கள். கடல் தள்ளிப் போய்விட்டது, கடன் கூடவே வந்தது. கடன்காரர் முதலில் வருவார், தரகர் பின்னால் வருவார். வழி புதியதன்று. எண்பதுகளின் இறுதியிலிருந்தே வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பட்டப்பெயர் உண்டு. சட்டம் வந்தபின் நேரடி விற்பனை குற்றமாயிற்று. ஆனால் அன்பினாலும் பற்றினாலும் உறவல்லாதவர் கொடுக்கலாம், அதற்கு ஒரு குழு ஒப்புதல் தர வேண்டும் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஆகவே அன்பைத் தயாரிக்க வேண்டியதாயிற்று.

அதற்கு ஒத்திகை நடந்தது. அந்த அம்மாள் பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வேலை செய்பவர். அப்பாதான் அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார். அந்த நன்றிக்காகக் கொடுக்கிறார். அவர் பெயர், கணவர் பெயர், மூன்று பிள்ளைகளின் பெயர், வயது, வகுப்பு எல்லாவற்றையும் ஒரு நாட்குறிப்புத் தாளில் எழுதி மனப்பாடம் செய்தோம். மாணவர்களுக்கு உருப்போடாதீர்கள் என்று போதிக்கிறவர் உருப்போட்டார். கும்மிடிப்பூண்டி பஜாரில் சங்கிலியை அடகு வைத்து இருபதாயிரம் முன்பணம் கொடுத்தோம்.

அந்த அம்மாளை ஒரே ஒரு முறை சந்தித்தோம். மீஞ்சூர் நிலையத்தில், நடைமேடைப் பலகையில். தலைச்சுமையாக மீன் விற்பவர். எங்கள் வீட்டுப் பெயர்களை அவரும் படித்துக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் அவருடைய பிள்ளைகளின் பெயரைச் சொன்னோம், அவர் எங்கள் கைக்குழந்தையின் பெயரைச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. வண்டி வரும் நேரத்தில், தரகர் சற்றுத் தள்ளிப் போயிருந்தபோது, கேட்டார்: "அண்ணா, அக்கா, ஒண்ணு கேக்கறேன். அப்புறமா கூடை தூக்கலாமா?"

தூக்கலாம் என்றோம். எங்களுக்குத் தெரியாது. அவரைப் பார்த்துத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றாவது சொல்லியிருக்கலாம். தூக்கலாம், ஒன்றும் ஆகாது என்றோம்.

அந்தக் கேள்விக்கு விடை அச்சில் கிடந்தது என்பது பல ஆண்டுகள் கழித்து, இந்தப் பெண் கொண்டுவந்து காட்டியபோது தெரிந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு பேசி, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. விற்றவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 டாலர். ஆனால் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடல்நிலை மோசமானதாகச் சொன்னவர்கள் 86 விழுக்காடு. பிறருக்கு இதைச் செய்யும்படி சொல்வீர்களா என்ற கேள்விக்கு 79 விழுக்காட்டினர் சொல்ல மாட்டோம் என்றனர். நாங்கள் மீஞ்சூரில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஆய்வு வெளிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உறுப்பு தானம் என்றால் நம் கல்லூரி மேடைகளில் கண்ணப்பரைச் சொல்லாமல் யாரும் தொடங்குவதில்லை. எங்களில் ஒருவரும் பலமுறை அப்படித் தொடங்கியிருக்கிறார். காளத்தி இங்கிருந்து கூப்பிடு தூரம் என்ற உரிமை வேறு. கண்ணப்பருக்கு அடுத்த வேளை கூடை தூக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை என்பது அப்பேச்சுகளில் ஒருபோதும் வந்ததில்லை. குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு பேருக்குள் அடக்குகிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவன். தரகருக்கு அதில் இடமில்லை, கொடுப்பவருக்கும் இல்லை. வள்ளுவர் காலத்தில் அது தேவைப்படவில்லை.

நிற்க. 2007 ஜனவரியில் எர்ணாவூர்ச் செய்தி வெடித்தது. சிறுநீரகம் விற்ற பெண்கள் வெளிப்படையாகப் பேசினார்கள், நாளிதழ்கள் எழுதின, விசாரணை என்றார்கள். தரகரின் கைப்பேசி அணைந்துவிட்டது. முன்பணம் போயிற்று. செய்தித்தாளில் வந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்த அம்மாள் அவற்றில் இல்லை. அப்பா அதற்குப் பிறகும் இரண்டு மாதம் இருந்தார். "அந்தப் பொண்ணு வந்துட்டாளா?" என்று சுத்திகரிப்பு நாட்களில் கேட்பார். அவர் மறுக்கவில்லை. காத்திருந்தார். மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ரயிலுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது சரிந்தார்.

மறு ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்பு தானம் ஓர் இயக்கமாக வளர்ந்ததும், 2023 முதல் அத்தகையோருக்கு அரசு மரியாதை தரப்படுவதும் யாவரும் அறிந்தவை. அப்பா இன்னும் இரண்டு ஆண்டு இருந்திருந்தால் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கிய செய்தி வந்தபோது அந்தச் சமாதானமும் போய்விட்டது. அதே கடன், அதே தரகர். ஊர்தான் வேறு.

ஆக, அன்று மாலை தாளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. 'சரியாகத்தான் இருக்கிறது, அனுப்பம்மா' என்று சொல்லியிருக்கலாம். அட்லாண்டாவில் யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்? அத்தை உயிரோடிருக்கிறார், அவருக்கு அந்தக் கதைதான் ஊன்றுகோல். அக்காளுக்கும் அப்படியே. ஆனால் இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க ஒப்புதல் பற்றியும் உண்மை சொல்வது பற்றியும் படிக்கவும் பேசவும் போகிறாள், அதற்கான முதல் பத்தியே நாங்கள் விட்டுவைத்த பொய். அதை அவள் வகுப்பில் நின்று சொல்வாள். எப்போதாவது ஒருநாள் யாரிடமிருந்தாவது தெரிந்துகொள்வாள். அன்றைக்கு நாங்கள் இருப்போமோ இல்லையோ.

"இது இப்படி நடக்கலம்மா" என்றோம்.

எல்லாவற்றையும் சொன்னோம். சங்கிலி, ஒத்திகை, மீஞ்சூர். அவள் குறுக்கே பேசவில்லை. மருத்துவமனையில் நோயாளி பேசும்போது செவிலியர் கேட்பார்களே, அப்படிக் கேட்டாள். அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது, திட்டியிருந்தால் தேவலாம். வெகுநேரம் கழித்து முதலில் கேட்டது: "அந்தம்மாவுக்கு என்னாச்சு?"

தெரியாது. வேறொருவருக்குக் கொடுத்தாரோ, தப்பினாரோ, தெரியாது. இப்போதாவது போய்த் தேடலாமா என்று நாங்களே கேட்டோம்; பெயர் இருக்கிறது, தெருவும் ஏறக்குறைய நினைவிருக்கிறது. அவள் தலையசைத்தாள். "வேணாம் சித்தி. குடுத்திருந்தா வீட்ல சொல்லியிருப்பாங்களான்னு நமக்குத் தெரியாது. மருமக வந்திருப்பா, பேரப்புள்ளங்க இருக்கும். நாம போய் நின்னா நம்ம மனசு ஆறும். அவங்களுக்கு?" நாங்கள் பேசாமலிருந்தோம். இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு உடனே தோன்றியது எங்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்துப் புதிய தாள்களோடு வந்தாள். முதல் பத்தி போயிருந்தது. 'என் குடும்பம் மறுத்தது' என்ற வாக்கியம் இல்லை. ஒரு ரயில் நிலையத்தில் ஒரு பெண் கேட்ட கேள்வியிலிருந்து கட்டுரை தொடங்கியது. அதற்கு என் குடும்பத்தார் தெரியாமலே பதில் சொன்னார்கள் என்று அடுத்த வரி. ஊர் பெயர் இல்லை, எங்கள் உறவு முறையும் சொல்லப்படவில்லை. "இது உங்க கதை. நீங்க வேணாம்னு சொன்னா எடுத்துடறேன். ஏன்னு சொல்ல வேண்டாம். அனுப்புறதுக்கு வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் இருக்கு, அதுவரைக்கும் எப்ப வேணா மாத்திச் சொல்லலாம்" என்றாள். ஒப்புதல் படிவங்களில் இருக்கும் வாசகம் அது. ஏட்டில் ஆயிரம் முறை படித்திருப்பாள். எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

வியாழன் இரவு சரி என்றோம். அத்தையிடம் இப்போதைக்குச் சொல்வதில்லை என்று மூவருமாக முடிவு செய்தோம். அது சரிதானா என்று மூவருக்குமே நிச்சயமில்லை. அந்த வாரமே விண்ணப்பம் போயிற்று. உதவித்தொகை கிடைத்தால்தான் பயணம். பதில் இன்னும் வரவில்லை.

அந்த நாட்குறிப்புத் தாள் பீரோவில் இருக்கிறது. மூன்று பிள்ளைகளின் பெயர், வயது, வகுப்பு. மூத்தவன் அப்போது நான்காம் வகுப்பு. இன்று முப்பதை நெருங்கியிருப்பான். வெகு சாதாரணமான பெயர்தான். ஆண்டுதோறும் கல்லூரி திறந்து புது வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடும்போது, ஏதாவதொரு வகுப்பில் அந்தப் பெயர் வந்துவிடும். கூப்பிட்டதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்பான்.